டர்பனில் அதிகாலையில் அலறும் அரிவாள்மூக்கன் எது? பெயர், தோற்றம், வாழிடம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா மகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குடும்பத்தோடு வசிக்கிறாள். நமக்குக் காலை எட்டரை மணி ஆகும்போதுதான் அங்கே பொழுது விடியும். அந்நேரத்தில் அவளோடு தொலைபேசியில் பேசினால், பேச்சே காதில் விழாத அளவுக்கு ஒரு பறவையின் அலறல் குறுக்கிடுகிறது. மூக்கால் கத்துவதைப் போல 'ஹா... ஹா... ஹா-டி-டா' என்று ஒலிக்கும் அந்தக் குரலை அக்கம்பக்கத்தார் சற்று எரிச்சலோடும் சற்றுச் செல்லமாகவும் 'ஹாடிடா' என்று சொல்கிறார்களாம்.

வீட்டுப் புல்தரையில் அப்பறவை மேய்ந்துகொண்டிருந்தபோது எடுத்த படத்தை அவள் அனுப்பினாள். சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு. படத்தைப் பார்த்ததும், குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரியை ஒட்டிய வயல்களில் அறுவடைக்குப் பிறகு நடமாடும் கருப்பு அரிவாள்மூக்கன்தான் இது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எதை வைத்து இரண்டையும் பிரித்தறிவது என்று எடுத்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

பழைய எகிப்தில் தெய்வமாக வணங்கப்பட்ட அரிவாள்மூக்கனும் ஆப்பிரிக்கப் பறவைதான் என்று படித்திருக்கிறேன். அதுதான் இதுவா, அல்லது இது வேறு இனமா? அந்தக் கண்டத்தில் எந்தெந்தப் பகுதிகளில் இது காணப்படுகிறது? நம் மொழியில் இதனை 'ஆப்பிரிக்க அன்றில்' என்று குறிப்பிட்டால் பிழையாகுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஊசுட்டேரி நோக்கர் (புதுச்சேரி)

வணக்கம். குரலை நீங்கள் எழுதிக்காட்டிய விதத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. அது ஹாடிடா அரிவாள்மூக்கன். அறிவியல் பெயர் பாஸ்ட்ரிகியா ஹாகெடாஷ். பெயரைப் பற்றி முத்தியால்பேட்டை வாசகர் என்னைவிட நன்றாகச் சொல்வார் என்பதால், நான் தோற்றத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டார் குழம்பியதில் வியப்பு எதுவும் இல்லை. தொலைவில் நிற்கும்போது இரண்டுமே கருமையாகத் தெரியும், இரண்டுக்குமே அலகு வளைந்திருக்கும், இரண்டுமே பறக்கும்போது ஊரைக் கூட்டும். அளவிலும் பெரிய வேறுபாடு கிடையாது. ஹாடிடா 65 முதல் 76 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையும் உள்ள பறவை, நம் கருப்பு அரிவாள்மூக்கனும் கிட்டத்தட்ட 68 சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே உருவத்தின் பருமனை வைத்து முடிவுசெய்ய முயல வேண்டாம். தலையையும் காலையும் பாருங்கள்.

கருப்பு அரிவாள்மூக்கனின் தலையில் இறகே இருக்காது. கருத்த வழுக்கைத் தலையின் உச்சியிலிருந்து பிடரி வரை செந்நிறப் பருக்கள் அடர்ந்து, குங்குமம் அப்பியதாகத் தெரியும். கால்கள் செங்கல் நிறத்தில் இருக்கும். தோளருகே இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. பறக்கும்போது அது பளிச்சென்று தெரியும். ஹாடிடாவுக்கு இம்மூன்றுமே கிடையாது. அதன் தலை முழுவதும் சாம்பல் நிற இறகுகளால் மூடப்பட்டிருக்கும், கால்கள் கருமையாக இருக்கும், இறக்கையில் வெள்ளைத் திட்டு எதுவும் இருக்காது. அதற்கென்று உரிய அடையாளம் கன்னத்தில் இருக்கிறது: கண்ணுக்குக் கீழே ஏறத்தாழக் கிடைமட்டமாக ஓடும் ஒரு மெல்லிய வெண்கோடு. ஆங்கிலத்தில் அதனை மீசை என்றே சொல்கிறார்கள், ஆனால் அது வாயின் ஓரம் வரை எட்டுவதில்லை என்பதால் மீசை என்ற சொல் முழுக்கப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. உங்கள் தங்கை அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கி, கண்ணுக்கும் அலகின் அடிக்கும் இடையே அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

இதைப் பழுப்புப் பறவை என்று சொல்லிவிட்டுக் கடந்து போவதும் நியாயம் அல்ல. நிழலில் நிற்கும் வரை சேற்று நிறமாகத்தான் தெரியும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அது பக்கவாட்டில் திரும்பினால், தோளை ஒட்டிய இறகுகளில் ஊதாவும் பச்சையும் எழும்பும். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை மடிக்கும்போது நிறம் புரளுமே, அப்படி. இறகில் ஊறிய சாயத்தால் வரும் நிறம் அல்ல அது. இறகின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் உண்டாவது. அதனால்தான் ஒரே பறவையை எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் மண்ணாங்கட்டியாகவும் மற்றொன்றில் மரகதமாகவும் தோன்றுகிறது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இறக்கைகள் அகன்று வலுவாக இருப்பதால், தரையிலிருந்து சட்டென எழும்பி, அடர்ந்த மரக்கிளைகளுக்கு இடையே வளைந்து நெளிந்து பறக்கவும் இதனால் முடிகிறது.

எகிப்தியர் வணங்கியது வேறு பறவை. அதன் உடல் வெள்ளை, இறகற்ற தலையும் கழுத்தும் கருப்பு. அது பாகூர் ஏரியிலும் ஊசுட்டேரியிலும் நாம் பார்க்கும் வெள்ளை அரிவாள்மூக்கனுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) சேர்ந்தவை, ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகக் கருதியவர்களும் உண்டு. தோத் என்ற அறிவுத் தெய்வத்துக்கு உரியதாகக் கருதி அதனை லட்சக்கணக்கில் பதப்படுத்திப் புதைத்தார்கள். சக்காரா, தூனா எல் கெபெல் ஆகிய இடங்களின் நிலவறைகளில் அவற்றைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் அப்பறவை இல்லாமல் போய்விட்டது. சகாராவுக்குத் தெற்கே அது இன்றும் ஏராளமாக உண்டு. டர்பன் கடற்கரைப் பக்கமும் அதனைக் காணலாம், ஆகவே உங்கள் தங்கை இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுகூட நடக்கக்கூடியதே.

பதில்: முத்தியால்பேட்டை வாசகர் (புதுச்சேரி)

பெயரைப் பற்றி எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார் நண்பர். மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.

உயிரினங்களுக்கு இலத்தீனில் இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் ஸ்பார்மான் 1770-களில் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் பயணம் செய்து எழுதிய குறிப்புகளில், அங்கிருந்த டச்சுக் குடியேறிகள் இப்பறவையை 'ஹாகெடாஷ்' என்றும் 'ஹாடெல்டே' என்றும் அழைத்ததைப் பதிந்திருக்கிறார். இரண்டுமே குரலைக் கேட்டு அப்படியே சொல்லாக்கியவை. பின்னர் 1790-இல் ஆங்கிலேய மருத்துவரும் பறவையியலாளருமான ஜான் லேதம் இதற்கு டான்டலஸ் ஹாகெடாஷ் என்று இலத்தீன் பெயர் சூட்டினார். அந்நாளில் டான்டலஸ் என்பது நாரைகளையும் அரிவாள்மூக்கன்களையும் ஒன்றாகப் போட்டு வைத்த ஒரு பொதுப் பெட்டி. அதே ஆண்டில், அதே நூலில்தான் எகிப்தியப் பறவைக்கும் நம் வெள்ளை அரிவாள்மூக்கனுக்கும் லேதம் பெயர் வைத்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி. ஆக, நண்பர் மேலே பேசிய நான்கு பறவைகளில் கருப்பு அரிவாள்மூக்கன் ஒன்றைத் தவிர, வெள்ளை இரண்டும் ஹாடிடாவும் பெயரளவில் ஒரே வயதுடையவை. கருப்பு அரிவாள்மூக்கனுக்கு 1824-இல் டச்சுப் பறவையியலாளர் டெமிங்க் பெயரிட்டார்.

இடையில் நெடுங்காலம் இதற்கென்றே ஒரு தனிப் பேரினத்தை உண்டாக்கி 'ஹாகெடாஷியா ஹாகெடாஷ்' என்று எழுதிவந்தார்கள். பழைய நூல்களில் அப்பெயரைக் காண்பவர்கள் வேறு பறவை என்று எண்ணிவிட வேண்டாம். இன்று வழங்கும் பாஸ்ட்ரிகியா என்ற பேரினப் பெயர் சுருள்முடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹாடிடாவின் தலையில் சொல்லும்படியான கொண்டை எதுவும் இல்லாததால் அப்பெயர் இதற்கு ஒட்டவே இல்லை. அதே பேரினத்தில் உள்ள ஆலிவ் அரிவாள்மூக்கன் முதலியவற்றுக்குத்தான் கொண்டை உண்டு. எத்தியோப்பிய மலைநாட்டில் வாழும் தாடை மடலுள்ள அரிவாள்மூக்கனும், சாவோ தோமே தீவில் மட்டுமே எஞ்சி அழிவின் விளிம்பில் நிற்கும் குட்டை அரிவாள்மூக்கனும் இதன் உடன்பிறப்புகள்.

ஆங்கில நூல்களில் 'ஹாடடா' என்று அச்சிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலம் பேசுவோரும் ஆப்பிரிக்கான்ஸ் பேசுவோரும் 'ஹாடிடா' என்றே சொல்வார்கள். சூலு மொழியில் 'இங்கன்கானே', கோசா மொழியில் அதனை ஒத்த ஒரு சொல். இரண்டிலும் மூக்கொலி மிகுந்திருப்பதைக் கவனித்தால், அவர்களும் காதால் கேட்டே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். பிரெஞ்சுக்காரர்கள் லேதமின் இலத்தீனை அப்படியே எடுத்துக்கொண்டு 'இபிஸ் ஹாகெடாஷ்' என்கிறார்கள். ஆனால் தம் மொழி வழக்கப்படி முதலெழுத்தான 'ஹ'கரத்தை ஒலிக்காமல் விட்டுவிடுவதால், பறவையின் அலறலில் இருக்கும் அந்த மூச்சு பெயரில் காணாமல் போய்விடுகிறது. நம் ஊர்ப் பெரியவர்களில் பிரெஞ்சு ராணுவப் பணியில் மேற்கு ஆப்பிரிக்கா சென்று வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்டால் பறவையை நினைவுகூர்வார்கள், பெயரைச் சொல்லத் தடுமாறுவார்கள்.

'ஆப்பிரிக்க அன்றில்' என்ற பெயருக்கு நான் உடன்படவில்லை. இன்றைய தமிழ்ப் பறவைப் பட்டியல்களில் அன்றில் என்ற சொல் செம்பழுப்பு மேனியும் மெலிந்த உடலும் கொண்ட சிறிய அரிவாள்மூக்கனுக்கு வழங்குகிறது. சங்கப் பாடல்களிலோ அன்றிலுக்கு நெருப்பு நிறத் தலையும், பனைமரத்துக் கூடும், நள்ளிரவில் துணையை அழைக்கும் குரலும் சொல்லப்படுகின்றன. அவை கருப்பு அரிவாள்மூக்கனுக்கே கூடுதலாகப் பொருந்துகின்றன என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு பறவைகள் உரிமை கோரும் ஒரு பெயரை மூன்றாவதாக ஒன்றுக்கும் கொடுத்தால் வழக்கு இன்னும் நீளும். தன் பெயரைத் தானே நாள்தோறும் கூவிச் சொல்லும் பறவைக்கு நாம் வேறு பெயர் தேடுவானேன்? ஹாடிடா என்றே இருக்கட்டும்.

பதில்: நெல்லிக்குப்பத்தான்

நான் வேலை நிமித்தமாக ஜோகன்னஸ்பர்க்கில் சில ஆண்டுகள் இருந்தவன். வாழிடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதில்தான் சுவையான செய்தி இருக்கிறது.

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இதற்குச் சொந்தம். மேற்கே செனகல், காம்பியா தொடங்கி, கிழக்கே எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தெற்கே தென்னாப்பிரிக்காவின் முனை வரை பரவியிருக்கிறது. உள்ளினங்கள் மூன்று என்று கணக்கிடுகிறார்கள்: சாம்பசி ஆற்றுக்குத் தெற்கே ஒன்று, செனகலிலிருந்து கென்யா வரையும் அங்கிருந்து சாம்பசி வரையும் ஒன்று, சூடான், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம் ஒன்று. உள்ளினத்துக்கு உள்ளினம் இறகின் நிறமும் அலகின் நீளமும் சற்று மாறும், ஆனால் படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு அல்ல. எனவே டர்பன் பறவை தெற்கத்திய உள்ளினம் என்பதை ஊரை வைத்தே சொல்லிவிடலாம்.

புல்வெளி, மரங்கள் சிதறிய சவானா, ஆற்றோரம், சதுப்பு ஆகியவை இதன் இயற்கையான இருப்பிடங்கள். இப்போதோ பள்ளிக்கூட விளையாட்டுத்திடல், கால்ஃப் மைதானம், பூங்கா, வீட்டுத்தோட்டம் என்று மனிதர் நீர் பாய்ச்சும் இடமெல்லாம் அதன் மேய்ச்சல் நிலமாகிவிட்டது. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் 1910-இல் சுமார் 5.3 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு, 1985-இல் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டின் கிழக்குப் பகுதியோடு நின்றிருந்த பறவை, நூற்றாண்டு முடிவதற்குள் மேற்கே கேப் டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பெரும்பாலான நீர்ப்பறவைகள் இடமிழந்துவரும் காலத்தில் இப்படி இடம் பிடித்துக்கொண்டே போன பறவை அபூர்வம்தான்.

காரணம் ஒன்றல்ல, ஆனால் அவை ஒன்றோடொன்று பின்னியவை. முதலாவது ஈரம். ஹாடிடா உணவைக் கண்ணால் மட்டும் தேடுவதில்லை. அலகின் நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் நரம்பு முனைகள், மண்ணுக்குள் புழு நெளியும்போது எழும் அதிர்வை உணர்கின்றன. அலகை மண்ணில் செருகி, எடுத்து, இரண்டு அடி நகர்ந்து மறுபடி செருகி, திடீரென ஓரிடத்தில் கண் இமைக்கும் நேரத்தில் ஆழமாகக் குத்தி மண்புழுவை உருவி எடுப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இந்த வித்தை ஈரமண்ணில்தான் நன்றாகப் பலிக்கும். காய்ந்து இறுகிய நிலத்தில் அலகும் இறங்காது, அதிர்வும் எட்டாது. ஆகவே பாசனமும் தோட்டக் குழாயும் எங்கெல்லாம் போனதோ, அங்கெல்லாம் பறவையும் போனது.

இரண்டாவது மரம். பகலெல்லாம் தரையில் மேய்ந்தாலும் இரவில் அடைவதும் கூடு கட்டுவதும் மரத்தில்தான். மரமே இல்லாத புல்வெளி மேட்டு நிலங்களில் குடியேறிகள் யூகலிப்டஸும் பைனும் நட்டு வளர்த்ததால், முன்பு தங்க வழியில்லாத இடங்களிலும் இதற்கு வீடு கிடைத்தது. மற்ற அரிவாள்மூக்கன்கள் பலவற்றைப் போலக் கூட்டமாகக் கூடு கட்டாமல், பெரும்பாலும் இணை இணையாகத் தனித்தே கட்டும் இயல்பு இதற்கு உண்டு. எனவே ஒரு பெரிய கூட்டத்துக்கு வேண்டிய தோப்பைத் தேட வேண்டியதில்லை, ஒற்றை மரம் போதும். கூட்டின் தரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. குச்சிகளைக் கிடைமட்டக் கிளையில் தாறுமாறாக அடுக்கியது போல இருக்கும், முட்டையும் குஞ்சும் சில வேளை நழுவிக் கீழே விழுவதும் உண்டு. மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும், ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், ஏறத்தாழ 26 நாளில் பொரியும். அதே கூட்டை ஆண்டுதோறும் செப்பனிட்டுப் பயன்படுத்துவதும் வழக்கம்.

மூன்றாவது, வேட்டை குறைந்தது. குடியேற்றக் காலத்தில் துப்பாக்கிக்கு எளிதில் இரையாகித் தேய்ந்த பறவை, சட்டப் பாதுகாப்பு வந்த பிறகு மீண்டது.

மண்புழு தவிர வண்டுகளின் புழு, நத்தை, பூச்சி, சிறு ஓணான் முதலியவற்றையும் உண்ணும். ஜோகன்னஸ்பர்க்கில் 'பார்க்டவுன் இறால்' என்று கேலியாக அழைக்கப்படும், பார்த்தால் குலை நடுங்கும் ஒரு பெரிய சுவர்க்கோழிப் பூச்சி உண்டு (நம் கடலூர் துறைமுகத்து இறாலோடு அதற்கு எந்த உறவும் இல்லை). அதனையும் ஹாடிடா விழுங்கிவிடுவதால், விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுக்கும் குற்றத்தை அந்நகரத்தார் பாதியளவு மன்னித்துவிடுகிறார்கள். உயரத்தைக் கண்டு பயந்துதான் பறக்கும்போது அப்படி அலறுகிறது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் பழைய நகைச்சுவை. உண்மையில் அடையும் மரத்திலிருந்து காலையில் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் குரல் அது; ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும்.

கேள்வியாளரின் தொடர்ச்சி: கெடிலக்கரை (கடலூர்)

மூவருக்கும் மிக்க நன்றி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்து வெண்கோடு தெளிவாக இருக்கிறது, தலையிலும் இறகு இருக்கிறது. வீட்டாரிடமும் காட்டினேன். என் தந்தை மட்டும் இன்னமும் கருப்பு அரிவாள்மூக்கனின் குஞ்சாக இருக்கும் என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறார், ஏனெனில் அதன் குஞ்சுக்குத் தலையில் இறகு இருக்கும் என்பது அவருடைய வாதம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். தங்கை இன்று அனுப்பிய வேறொரு படத்தில், மேல் அலகின் அடிப்பாதி சிவப்பாகத் தெரிகிறது; பழைய படத்தில் அப்படி இல்லை. இது ஆணா, அல்லது வேறு இனமா? அடுத்து, இவ்வளவு வேகமாகப் பரவும் பறவை என்றாவது கடல் கடந்து நம் பக்கம் வந்து சேர வாய்ப்பு உண்டா?

பதில்: ஊசுட்டேரி நோக்கர் (புதுச்சேரி)

உங்கள் தந்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறுக்க முடியாது. கருப்பு அரிவாள்மூக்கனின் இளம்பறவைக்குச் செந்நிறப் பருக்கள் இருக்காது, தலையிலும் இறகு இருக்கும். ஆனால் கன்னத்து வெண்கோடு அதற்கு எந்த வயதிலும் கிடையாது. படம் எடுத்த ஊர் டர்பன் என்பதையும் அவருக்கு நினைவூட்டுங்கள். கருப்பு அரிவாள்மூக்கன் இந்தியத் துணைக்கண்டத்தைத் தாண்டி வாழும் பறவை அல்ல.

அலகின் சிவப்பு ஆணுக்கோ பெண்ணுக்கோ தனியாக உரியது அல்ல. இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது மேல் அலகின் முகட்டில், அடியிலிருந்து ஏறத்தாழப் பாதி நீளத்துக்குச் சிவப்பு ஏறும். அதே நேரத்தில் கால்விரல்களின் மேற்புறமும் சிவக்கும். புல் உயரமாக இருந்தால் விரல் தெரியாது. பறவை மதிலின் மீதோ சிமெண்டுத் தளத்திலோ நிற்கும்போது ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தே தெரியும். பக்கத்து மரத்தில் குச்சிக் கூடு இருக்கிறதா என்று பார்க்கவும் அதுவே தக்க தருணம்.

பரவுவதைப் பற்றி: இது வலசை போகும் பறவை அல்ல. பிறந்த வட்டாரத்திலேயே பெரும்பாலும் சுற்றித் திரிந்து, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று தரைவழியே மெல்ல நகர்ந்துதான் தன் பரப்பை விரித்துக்கொண்டது. நெல்லிக்குப்பத்தார் சொன்ன பாசனமும் மரமும் அதற்குப் படிக்கட்டாக அமைந்தன. இந்தியப் பெருங்கடலில் அப்படிப்பட்ட படிக்கட்டு எதுவும் இல்லை.

பதில்: முத்தியால்பேட்டை வாசகர் (புதுச்சேரி)

தானாக வராது என்பது சரி. ஆனால் மனிதர் கொண்டுபோய் விட்டால் நிலைமை வேறு என்பதை எகிப்தியப் பறவையின் கதையே காட்டுகிறது. பிரான்சின் பிரித்தானி பகுதியில் உள்ள பிரான்ஃபெரே விலங்குப் பூங்காவில் 1970-களில் கென்யாவிலிருந்து வரவழைத்து, சுதந்திரமாகப் பறக்க விட்டு வளர்த்த பறவைகள், 1990-களில் பூங்காவுக்கு வெளியே கூடு கட்டத் தொடங்கின. அட்லாண்டிக் கடலோரச் சதுப்புகள் வரை பரவி, ஆலா என்னும் நீர்ப்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பதாகப் புகார் எழுந்து, பின்னர் அரசே சுட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் முதல் பட்டியலிலேயே அதன் பெயர் இடம்பெற்றது. நாந்த் நகர்ப் பக்கம் குடியேறிய நம் புதுச்சேரிக் குடும்பங்கள் சில அதனைப் பார்த்துவிட்டு, ஊசுட்டேரி வெள்ளை அரிவாள்மூக்கன் பிரான்சுக்கு வந்துவிட்டதாக மகிழ்ச்சியோடு படம் அனுப்புவது உண்டு. இறக்கை விரிந்திருக்கும் படமாக இருந்தால் பிரித்துவிடலாம்: எகிப்தியப் பறவையின் வெள்ளை இறக்கைக்கு ஓரம் நெடுகக் கருப்புக் கரை இருக்கும், நம்முடையதற்கு அது இருக்காது.

ஹாடிடாவை யாரும் அப்படிப் பெரிய அளவில் கொண்டுபோய்ப் பறக்க விடவில்லை. அதன் குரலைப் பக்கத்தில் கேட்டவர் எவரும் பணம் கொடுத்து அதனை வாங்கித் தம் வீட்டருகே வளர்க்க மாட்டார் என்பது என் எண்ணம். டர்பனில் அதனை வளர்க்க வேண்டிய தேவையே இல்லை. தோட்டக் குழாயைத் திறந்து வைத்தால் போதும், அதுவாகவே வந்து நிற்கும்.